இறைவன் உயிரில் இருக்கும் முறை

இறைவன் உயிரில் இருக்கிறான் என்று சைவர் கூறும்போது, ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபு, அதாவது ஒன்றற்கு மற்றொன்று இடமாவதை உணர்த்தும் உறுப்பு, எப்பொருளில் நிற்கிறது என்பது ஆழ்ந்த வினாவாகும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இடத்தோடு பிரிவின்றி இயைந்த உறவைத் தற்கிழமை என்றும், பிரிந்து போகத்தக்க உறவைப் பிறிதின்கிழமை என்றும் வகுக்க, உரையாசிரியர்கள் முன்னதற்கு மணியில் உள்ள ஒளியையும் பின்னதற்குப் பனையில் வாழும் அன்றிலையும் சான்றாகக் காட்டினர்.

இறைவன் அவ்வொளிபோல் இருப்பின் உயிரின் குற்றம் அவனையும் சாரும். அன்றில்போல் இருப்பின் அவன் நீங்கிவிடவும் கூடும். ஆதலால் அதே நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம், இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கிறான் எனக் கொண்டு, இவ்வுறவை அத்துவிதம், அதாவது இரு பொருள்கள் பிரிப்பின்றி இயைந்து நிற்கும் நிலை, என்று விளக்குகிறது.

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழில் இதனை உணரத் துணைசெய்யும்: குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்புப் பாஸ்பரசோடு உரசும்போதே தீ தோன்றுகிறது என்பதால், குச்சியில் தீ உண்டு என்பது முன்பே கண்ணுக்குப் புலனான பொருளையும் குறிக்கவில்லை, வெளியிலிருந்து வந்து குடியேறிய பொருளையும் குறிக்கவில்லை. அவ்வாறே, உள்ளிருந்தும் புலப்படாத திருவருள் உயிர் பக்குவப்படும்போது வெளிப்படுகிறது. எனவே இறைவன் எங்கே உள்ளான் என்று தேடுவோர், அவன் எவ்வாறு உள்ளான் என்பதை முதலில் ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.