அறிவோனின் ஐயமும் தொழிலாளியின் உடலும்

ஒன்றை ‘அறிந்தோம்’ என்று கூறுவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பது மெய்யியலாளரின் பழைய வினா. வகுப்பறையில் அதற்கான விடை தாமதமாவதால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் அறியவேண்டிய பொருள் தொழிலாளி ஒருவனின் குருதியிற் கலந்த நஞ்சாக இருக்கும்போது, சான்றின் அளவு பற்றிய வினா ஒழுக்கவியல் வினாவாகிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அலிஸ் ஹமில்டனது வாழ்க்கைப்பணி இதனை நன்கு புலப்படுத்துவதாகும்.

1869இற் பிறந்து மருத்துவம் பயின்ற இவ்வம்மையார், 1897இற் சிக்காகோவிலே குடியேற்றத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியிலிருந்த ஹல் இல்லத்திற் குடிபுகுந்தார். 1910இல் இலினோய் மாநிலத்தின் தொழில்நோய் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1919இல் ஹாவாட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கு ஆசிரியப் பதவி பெற்ற முதற் பெண் அவரே. எனினும் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் அவர் செல்லலாகாது. ஆசிரியர் கழகத்துள் நுழையலாகாது. உதைபந்தாட்ட நுழைவுச்சீட்டுங்கூட மறுக்கப்பட்டது! 1935இல் ஓய்வுபெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார்.

இலினோய் ஆய்வின்போது நிகழ்ந்த ஒன்று இங்கு நோக்கத்தக்கது. ஈய நஞ்சேறிய போலந்துக்காரர் ஒருவர் குளியற்றொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர் என்பதை மருத்துவமனைக் குறிப்பொன்றினால் அறிந்த ஹமில்டன், அத்தொழிற்சாலைக்குச் சென்று பார்வையிட்டார். அங்கு ஈயத்தின் சுவடே தென்படவில்லை. ஆய்வு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அவர் நோயாளியின் வீட்டைத் தேடிச் சென்றார். தமக்குக் காட்டப்பட்டது இறுதி மெருகூட்டும் வேலை மாத்திரமே என்பதும், உண்மையான எனாமல் வேலை வேறோரிடத்தில் நடைபெறுவதும் அப்போதே தெரியவந்தன. செந்தணலாகக் காய்ந்த தொட்டியின்மீது எனாமற்பொடியைத் தூவுபவர்கள் அத்தூசையே சுவாசித்துக்கொண்டிருந்தனர். நோய்க்குக் காரணம் தொழிலாளர் கைகழுவாமையே என்று கூறிவந்த முதலாளிமார் பலர்.

அவருக்குத் தொழிற்சாலையுள் நுழையும் சட்ட அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. முதலாளியின் நல்லெண்ணத்தை நாடியே உள்ளே சென்றார். கண்ட குறைகளையும் முதலில் அவரிடமே எடுத்துரைத்தார். இது சமரசமே. ஆயினும் கதவு திறக்கப்படாவிடின் கூறுவதற்கு அவரிடம் எதுவும் இருந்திராது என்பதையும் மறத்தலாகாது.

1924 ஒக்டோபரில் நியூ யேர்சியிலே, பெற்றோலிற் கலப்பதற்கான ஈயச் சேர்வையைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர் சித்தப்பிரமையுற்று இறந்தனர். 1925 மே மாதம் வொஷிங்டனில் இதுபற்றிய மாநாடு கூடியது. இச்சேர்வையின் ஆபத்தை ஹமில்டன் அங்கு எச்சரித்தார். உற்பத்தியாளர் தரப்பிற் பேசியவர் றொபேட் கீஹோ என்ற மருத்துவர். இவரும் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவரே. தீங்கு உண்டென நிறுவப்பட்டாற் கைவிடுவோம், நிறுவப்படும்வரை தொடர்வோம் என்பது அவரது நிலைப்பாடு.

கீஹோவைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமன்று. ஐயுறுதல் அறிவியலின் அறம். தீங்கற்றதென முற்றாக நிறுவிய பின்னரே எதையும் தொடங்கவேண்டுமெனின் எப்புதுமையும் தோன்றாது என்ற எதிர்வாதத்திலும் வலுவுண்டு. ஆயின் அவ்வாதம் ஒன்றை மறைக்கின்றது. தன் கொள்கையைத் தானே ஐயுறும் ஆய்வாளன் அந்த ஐயத்தின் விலையைத் தானே செலுத்துகின்றான். கீஹோவின் ஐயத்திற்கோ விலை செலுத்தியவர் வேறொருவர். அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அன்றியும், ‘சான்றைக் காட்டு’ என்று கேட்பவரிடமே சான்றிருக்கும் அறையின் திறவுகோலும் இருந்தது. குளியற்றொட்டித் தொழிற்சாலையில் இல்லாதிருந்தது சான்றன்று. அதனிடம் செல்லும் வழியே. அவ்வழியைக் காட்டியவர் நோயுற்ற போலந்துக்காரர். அவரது வாய்மொழியை அறிவாக ஏற்றமையே ஹமில்டனைக் கீஹோவினின்றும் வேறுபடுத்துகின்றது என்று கருத இடமுண்டு.

1926 சனவரியில் அரசாங்கத்தின் நிபுணர் குழு, தடை விதிக்கத் தக்க ஆதாரம் அப்போதைக்கு இல்லையென அறிக்கையிட்டது. காலம் செல்லத் தீங்கு வெளிப்படக்கூடும் என்றும், பொதுப்பணத்தில் ஆய்வு தொடரவேண்டும் என்றும் அக்குழுவே கூறியிருந்தது. அப்பணம் ஒதுக்கப்படவில்லை. தொடர்ந்து வந்த ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்வாய்வின் பெரும்பகுதி, உற்பத்தியாளரின் பணத்தில் கீஹோவின் ஆய்வுகூடத்திலேயே நடைபெற்றது. மோட்டார் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதனை நிறுத்தியது 2021 யூலையில்.