கண்டெடுத்தல் என்னும் சொல்

எலிசபெத் காட்டனைச் சீகர் குடும்பம் 'கண்டெடுத்தது' என்றே எழுதுகிறார்கள். இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். சிறுவயதிலேயே வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். இடக்கைப் பழக்கம் என்பதால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தானே கற்றார். 'ஃபிரைட் டிரெயின்' பாடலைச் சிறுமியாக இருக்கும்போதே இயற்றினார். பிறகு திருமணம், குழந்தை, 'உலகப் பாட்டை விடு' என்ற தேவாலயம். கிட்டார் பல பத்தாண்டுகள் மௌனமாயிற்று. சீகர் வீட்டில் வேலை செய்தபோதுதான் மீண்டும் அதைக் கையில் எடுத்தார். 1957இல் பிரிட்டனில் அப்பாடல் புகழ்பெற்றது. ஆனால் இயற்றியவர்களாக வேறு இருவர் பெயர் இருந்தது. அவருடைய முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அப்போது வயது 65. கிராமி விருது கிடைத்தபோது 92.

அக்குடும்பம் ஒலிப்பதிவு செய்திராவிட்டால் அவர் குரல் நம்மை எட்டியிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த உதவிக்கு நன்றி உண்டு. ஆனால், தொலைந்த பொருளைத்தான் கண்டெடுக்க முடியும். அவர் தொலையவில்லை, அவருடைய நேரம் பிறர் வீட்டு வேலைக்குப் போயிற்று. கண்டெடுத்தவரைப் புகழும்போது, அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

வேலைக்கு வரும் பெண்ணின் பாட்டை வியக்கும் நாம், பாடுவதற்கு அவருக்கு நாளில் எத்தனை மணிநேரம் விட்டுவைத்திருக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.