சுருதி சேர்ந்தது என்று யார் சொல்வது?

கிட்டாருக்குச் சுருதி சேர்க்கக் கற்பவர் முதலில் பழகுவது விம்மலைக் கேட்கத்தான். ஏறக்குறைய ஒரே சுருதியில் உள்ள இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி கூடிக் குறைந்து அலையும். பிருடையைத் திருகத் திருக அந்த அலைவு மெதுவாகி, கடைசியில் அடங்கிவிடும். அடங்கிய இடம் சுத்த சுருதி. இதைவிட நேர்மையான சோதனை இல்லை என்றே தோன்றும்.

தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஆறும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே அதிர்வெண் விகிதம் 4:3. ஜி, பி இரண்டுக்கும் நடுவே மட்டும் 5:4. இரண்டு ஸ்தாயி தள்ளியிருக்கும் கடைசி ஈ, முதல் ஈயைப் போல 4 மடங்காக வேண்டும். விம்மல் துளியும் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் கிடைப்பதோ 320/81 மடங்குதான். 82.4 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 329.6க்குப் பதில் சுமார் 325.5. புதிதாகக் கற்பவர் தம் காதைத்தான் சந்தேகிப்பார், காதில் குறையில்லை. படிகள் எல்லாம் சுத்தம், ஏறிச் சேர்ந்த இடம் பிசகு.

அப்படியானால் சுருதியைத் தீர்மானிப்பது எது? பிதாகரஸ் வழிவந்தோருக்கு எண் விகிதமே இசையின் மெய்ப்பொருள். பிளேட்டோ ‘குடியரசு’ நூலில், பிருடையில் தந்திகளை முறுக்கி வதைத்து, அறிவுக்கு முன்னால் காதை நிறுத்துவோரை எள்ளுகிறார். அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்சினஸ் காதின் பக்கம் நின்றார். கணக்கும் காதும் ஒத்துப்போக வேண்டும் என்றார் பின்னால் வந்த தாலமி. விவேகமான நிலைதான், ஆனால் ஆறு தந்திக் கணக்கு அந்தச் சமரசத்துக்கும் முழுதாக இடம் கொடுப்பதில்லை.

கைவினைஞர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய், லூட் வாத்தியத்தின் ஃப்ரெட்டுகளுக்கு 18:17 என்ற விகிதத்தை 1581இல் பரிந்துரைத்தார். சீனாவின் மிங் அரச குலத்தைச் சேர்ந்த சூ சாய்யூ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கணக்கை மிகத் துல்லியமாகப் போட்டார். இன்றைய ஃப்ரெட்டுகள் இந்தச் சமப் பகுப்பின்படிதான் அமைகின்றன. அதன் அடிப்படை, 2இன் பன்னிரண்டாம் மூலம்: எந்த முழு எண் விகிதத்துக்கும் அடங்காத எண். விகிதத்தை வழிபட்ட பிதாகரஸ் மரபினருக்கு இதைவிடக் கசப்பான விடை இருந்திருக்காது.

ட்யூனர் கருவி காட்டுவதும் இந்தச் சம சுருதியையே. அதன்படி வைத்தபின் ஈ மேஜர் கார்டை மீட்டினால், ஜி தந்தியின் முதல் ஃப்ரெட் கூர்ந்த காதுக்குச் சற்று உயர்ந்து ஒலிக்கும். அதைக் காது கேட்டபடி இறக்கினால் ஈ மேஜர் இனிக்கும். அதே தந்தியை விரல் வைக்காமல் மீட்டும் சி மேஜரில் அந்த இறக்கமே பிசகாகிவிடும்.