வீட்டுப் பணிவிடை



நம் பதிகளில் ஏடு வாசிக்கும்போது கேட்ட வரலாறுதான். அய்யா முத்துக்குட்டியாய் இருந்த காலத்தில் பிணி பிடித்துப் படுக்கையில் கிடந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வருடம். பெற்ற தாய் வெயிலாள் அம்மை கைவிடவில்லை. தொட்டில் கட்டிச் சுமக்கச் செய்து, திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டு போனார். கொல்லம் 1008, அதாவது 1833. கடலுக்குள் நடந்ததை எல்லோரும் சொல்வோம். அதற்கு முந்தின இரண்டு வருடம், கஞ்சி ஊட்டி விழித்திருந்த இரவுகளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

செங்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர். பிறந்தது சாமித்தோப்புப் பக்கம். பிழைப்புக்காக இங்கே வந்தவர். ஊரில் தனியாக இருந்த தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. செங்கத்துக்கே அழைத்து வந்துவிட்டார். கை ஓரளவு தேறியது. ஆனால் சில மாதத்தில் வேறொன்று தெரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயுமுன் சோறு கேட்டார். மகனைத் தன் தம்பி என்றார். பொழுது சாய்ந்தால் துணியைப் பையில் அடைத்துக்கொண்டு, "மக்கா, நான் வீட்டுக்குப் போட்டா?" என்று வாசலுக்கு வந்துவிடுவார். வடக்கே தெரியும் ஜவ்வாது மலையைக் காட்டி, "அந்தா மருந்துவாழ்மலை. அதைத் தாண்டுனா நம்ம வீடு" என்பார்.

மகன் திருத்துவார். "அது ஜவ்வாது மலைம்மா, நம்ம ஊருக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸுல போவணும்" என்பார். தாயார் அழுவார், இவர் சத்தம் போடுவார். தினம் இதே கதை. இத்தனைக்கும் தை, வைகாசி, ஆவணித் திருநாளில் ஒன்றுகூடத் தவறாமல் சாமித்தோப்பு போய்ப் பணிவிடை செய்கிறவர். அந்த நாட்களிலும் தாயாரைத் துடைத்துத் துணி மாற்றியது அவர் மனைவி.

பிறகு ஒரு தவறு நடந்தது. மருத்துவர் பார்த்தபோது இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. இனித் திருமண்ணும் தண்ணீரும் போதும் என்று மகன் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் இரண்டாவது வாதம் அடித்தது. அதுவரை பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அதையும் விட்டார். மாத்திரை போட்டதால்தானே அழுத்தம் சரியாக இருந்தது? திருநாமம் சாற்றுகிறவன் மருந்தை எறிய வேண்டும் என்று அய்யாவின் பேரில் யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த மறதி வெறும் வயோதிகம் அல்ல. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, அந்தந்த இடம் பட்டுப்போவதால் வருவது. முதல் வாதத்துக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. வாதம் திரும்பவும் அடித்தால் மூன்றில் ஒருவருக்கு. படிப்படியாக இறங்கும், கொஞ்ச நாள் ஒரே நிலையில் நிற்கும், அடுத்த அடியில் ஒரு படி கீழே போகும். அந்த அடுத்த அடியைத் தடுப்பதுதான் வீட்டார் கையில் இருப்பது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், சாமனப்பள்ளியில் தொடங்கியது. கடையை விட்டு வர முடியவில்லை என்ற சாக்கு இனி இல்லை. வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். இன்னொன்று: மறதி ஒன்றிரண்டு நாளில் திடீரென்று மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் கிருமியோ மலச்சிக்கலோகூட அப்படிச் செய்யும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த வீட்டில் வழி கண்டுபிடித்தவர் மருமகள். "ஆமா அத்தை, போவோம். இருட்டிட்டுல்லா, கஞ்சி குடிச்சிட்டு விடியட்டும். வீட்டுல கிணத்தடியில என்ன மரம் நிக்கி?" என்று கேட்பார். தாயார் கிணறு, தென்னை, பனை என்று சொல்லிக்கொண்டே பையைக் கீழே வைத்துவிடுவார். இது பொய் அல்லவா என்று மகன் கேட்டார். பயந்து நிற்கிறவரிடம் வழக்காடி ஜெயித்து என்ன ஆகப் போகிறது என்றார் மனைவி.

பீரோக் கண்ணாடியைப் பார்த்துத் தாயார், "யாருட்டீ இந்தக் கிழவி?" என்று சண்டைக்குப் போனார். தன் முகமே தனக்கு அந்நியம். மருமகள் அதைத் துணியால் மூடினார். பூசை அறைக் கண்ணாடியையும் மூட வேண்டி வந்தபோது மகன் பதறிவிட்டார். கண்ணாடி முன் நின்றுதானே நாம் அய்யாவைத் தொழுகிறோம்! ஆனால் அந்தக் கண்ணாடி சொல்வதே, அய்யா உனக்குள் இருக்கிறார் என்பதுதான். தன் பெயர் மறந்தவருக்குள் மட்டும் அவர் இல்லாமல் போவாரா? மூடினார்கள். விளக்கேற்றி உச்சிப்படிப்பு தொடங்கினால், பேத்தி பெயர் தெரியாத அந்தத் தாயார் வரி பிசகாமல் கூடவே சொல்கிறார். சிறு வயதில் நாவில் ஏறியது அத்தனை சீக்கிரம் போவதில்லை.

கடந்த ஆவணித் திருநாளுக்கு மகன் சாமித்தோப்பு போகவில்லை. மனைவி போனார், பல வருடத்துக்குப் பிறகு. தாயாரைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்தார். மற்றதெல்லாம் மகன்தான்: நிமிர்த்தி உட்காரவைத்து, புரையேறாமல் சிறு கரண்டியால் கஞ்சி கொடுத்து, இரவில் மூன்று முறை எழுந்து. இரண்டாம் நாளே, "நீ இத்தனை நாள் எப்படிச் சமாளிச்ச?" என்று மனைவிக்குப் போன் செய்தார். அன்று பொழுது சாயத் தாயார் பையோடு வாசலுக்கு வந்தார்.

"மக்கா, நான் வீட்டுக்குப் போட்டா?"

"போவோம்மா. அந்தா மருந்துவாழ்மலை தெரியுது பாரு. மொதல்ல கஞ்சி குடி."

அய்யா உண்டு.