காணாத இடத்து நேர்மை

பிறர் காணும் இடத்தில் நல்லவராக நடந்துகொள்வது அரிய செயலன்று. ஊர் காண்கிறது, சட்டம் காண்கிறது, எதிரில் நிற்பவரின் கண் காண்கிறது. எவரும் காணாத இடத்தில், கண்டாலும் விளங்கிக்கொள்ள முடியாத இடத்தில், ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அவருடைய அறத்தின் உரைகல். இந்தக் கேள்வியை ஆராய்வதற்குப் பெரிய அரங்குகளை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. தெருமுனையில், கையில் எண்ணெய்க் கறையோடு ஒருவர் குந்தி அமர்ந்திருக்கும் மிதிவண்டிக் கடையே போதுமானது.

புனே நகரம் ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. காலை வேளையில் கட்கிப் பகுதியின் தொழிற்சாலைகளை நோக்கி வண்டிகள் அணிவகுத்துச் செல்லும் காட்சியை அந்நாளில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிழைப்பை நாடி நாம் 1979இல் இந்நகருக்கு வந்தபோது, அம்பத்தூரில் செய்யப்பெற்ற ஹெர்குலிஸ் வண்டியொன்றையும் ரயிலில் பதிவு செய்து உடன் கொண்டுவந்தோம். அலுவலகத்திலும் வங்கியிலும் ஆங்கிலம் கைகொடுத்தது. மிதிவண்டிக் கடையில் கைகொடுக்கவில்லை. சக்கரம் கோணிவிட்டால் ‘பெண்டு எடுக்க வேண்டும்’ என்று ஊரில் சொல்லிப் பழகிய நாம், இங்கே அதற்கே ‘ஆவுட்’ என்று பெயர் என்பதை அறிந்துகொள்ளவே ஓராண்டு ஆயிற்று. தொழில் தெரியாமை ஒன்று, மொழி தெரியாமை மற்றொன்று என இருவகை அறியாமையோடுதான் புலம்பெயர்ந்த ஒருவர் தம் வண்டியைக் கடையில் ஒப்படைக்கிறார்.

அக்கடைக்காரரின் கையில் எத்துணைப் பெரிய நம்பிக்கை ஒப்படைக்கப்படுகிறது என்பதற்கு ஒரே ஒரு சான்று காட்டுவோம். பழைய பாணி வண்டியின் பின்சக்கர நடுவே அச்சு ஒன்று ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் கோன் என்னும் கூம்பு வடிவத் திருகாணிகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பக்கத்திற்கு 9 வீதம் எஃகு உருண்டைகள் கிரீஸில் புதைந்து சுழல்கின்றன. தேய்ந்த உருண்டைகளை எடுத்துவிட்டுப் புதியன இட்டதாகச் சொல்லிப் பழையவற்றையே துடைத்து இட்டாலும், 9 இருக்க வேண்டிய இடத்தில் 8 இட்டு மேலே கிரீஸைத் தாராளமாகப் பூசிவிட்டாலும், வண்டிக்காரருக்கு அன்று எதுவும் தெரியாது. சில மாதங்கள் சென்று சக்கரம் ஆடத் தொடங்கும்போது, அது பழுது பார்த்தவரின் குற்றமா, சாலையின் குற்றமா என்று எவரால் உறுதியாகச் சொல்ல இயலும்? அந்த ஒன்பதாவது உருண்டையை இடுபவரை இடச்செய்வது எது? மேற்பார்வை இல்லை, தண்டனை அச்சம் இல்லை, புகழும் இல்லை. அவருடைய நெஞ்சம் ஒன்றே அங்கே சான்று.

வள்ளுவர் வாணிகம் செய்வோர்க்கு வேண்டிய பண்பைப் பொருட்பாலில் கூறாமல், அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். பிறர் உடைமையைத் தம்முடையதுபோல் எண்ணுவது ஊதியத்திற்கான உத்தியன்று, அறமே என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்குகிறது. இதுவரை சொன்னவை கடைக்காரரின் கடமை. நாம் சொல்ல வந்தது இதன் மறுபக்கம். அதை நம் சொந்தப் பிழையின் வாயிலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1981இல் மழைக்காலம் முடிந்ததும் வண்டியை வீட்டருகில் இருந்த கடையொன்றில் ஓவராயிலிங் செய்யக் கொடுத்தோம். பின்சக்கரத்துக் கோன்களும் உருண்டைகளும் தேய்ந்துவிட்டன என்று சொல்லி அவற்றை மாற்றினார் கடைக்காரர். கூலியும் பொருளுமாக 22 ரூபாய் கொடுத்தோம். ஒரு வாரம் செல்லவில்லை. வண்டியில் ‘டக், டக்’ என்று ஓர் ஒலி எழத் தொடங்கியது. பழுது பார்த்த சக்கரத்திலிருந்துதான் அது வருகிறது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு கடைக்குச் சென்றோம். அவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். இதில் குறையில்லை என்பதுபோல் தலையசைத்தார். மேலும் ஏதோ மராத்தியில் சொல்லத் தொடங்கினார். அதை விளங்கிக்கொள்ளும் மொழியறிவு நமக்கு இல்லை. நின்று கேட்கும் பொறுமையும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

அத்துடன் நின்றிருந்தாலும் குற்றம் சிறிதாக இருந்திருக்கும். அம்மாதம் நம்மவர்கள் கூடியிருந்த ஒரு நிகழ்ச்சியில், “அந்தக் கடைக்குப் போகாதீர்கள், பழைய சாமானைப் போட்டுவிட்டுப் புதியதற்குக் காசு வாங்குகிறான்” என்று சொன்னோம். கேட்டவர்கள் நம்பினார்கள். வேற்றூரில் ஒருவர்க்கொருவர் துணை என்று வாழ்கிறவர்கள் அல்லவா? அன்று பத்துப் பதினைந்து குடும்பங்களில் விழுந்த சொல் அடுத்த மாதம் எத்தனை குடும்பங்களை எட்டியதோ, நாமறியோம்.

ஆறு மாதங்களுக்குப் பின் வேறு பகுதியில் இருந்த மற்றொரு கடைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கிருந்த முதியவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பெடலை மிதிக்காமல் வண்டியைத் தானாக ஓடவிடும்போதும் அந்த ஒலி வருகிறதா? நாம் அதைக் கவனித்ததே இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். மிதிக்கும்போது மட்டுமே ஒலித்தது. கால்களை அசையாது வைத்தவுடன் நின்றுவிட்டது. சக்கரத்தில் பழுதிருந்தால் சக்கரம் சுழலும்வரை ஒலிக்குமே! ஆகவே பழுது சக்கரத்தில் இல்லை. பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் என்னும் சிறு ஆணியில் இருந்தது. அதை மாற்றியதும் ஒலி மறைந்தது. நெஞ்சு உறுத்தியதால், பின்சக்கரத்தையும் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். பக்கத்திற்கு 9 உருண்டைகள். கோன்களில் தேய்வு இல்லை. கிரீஸில் மண் கலக்கவில்லை. முதற் கடைக்காரர் தாம் சொன்னதைச் சொன்னவாறே செய்திருந்தார்.

மராத்தி அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். தமிழர்கள் சிலர் வருவதை நிறுத்திவிட்டதை அவரும் கவனித்திருக்கிறார், காரணம்தான் தெரியவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, சந்தேகம் வந்த அன்றே கேட்டிருந்தால் சக்கரத்தைப் பிரித்தே காட்டியிருப்பேனே” என்றார். சினந்து பேசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ஒரு சொல்லில் நம் கேள்வியின் மறுபாதி அடங்கியிருக்கிறது. அச்சின் உள்ளே நாம் காணமுடியாத இடம் ஒன்று அவருக்கு இருந்தது. அங்கே அவர் நேர்மையாக நடந்தார். அவர் காணமுடியாத இடம் ஒன்று நமக்கும் இருந்தது. அதுதான் நம்மவர் கூடிய அந்தக் கூடம். அங்கே அவரைக் குற்றவாளியாக நிறுத்தி, அவர் இல்லாமலே வழக்கு நடத்தித் தீர்ப்பும் கூறினோம். அவரிடம் சான்று கேட்ட நாம், நம் சொல்லுக்கு ஒரு சான்றையும் தேடவில்லை. அந்தச் சோதனையில் தோற்றவர் யார்?

ஏமாற்றுவோர் உலகில் இல்லையா, அவர்களைப் பற்றிப் பிறரை எச்சரிப்பது கடமையன்றோ என்று கேட்கலாம். உண்மையே. குறைபாடுள்ள சேவைக்கு எதிராக முறையிடும் உரிமையை 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வுரிமையைக் காத்து நிற்கிறது. ஆனால் முறையிடுபவர் எதிர்த்தரப்பின் மறுமொழியைக் கேட்டாக வேண்டும் என்பது அம்மன்றங்களின் விதி. நம் வீட்டுக் கூடத்தில் அவ்விதி இல்லை. அங்கே பேசப்பட்ட பேச்சுக்காகக் கடைக்காரர் எந்த மன்றத்தை நாடுவார்? அப்படி ஒரு பேச்சு நிகழ்ந்ததே அவருக்குத் தெரியாதே!

ஆராயாத ஐயத்தால் இன்னொரு தீங்கும் உண்டு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். வாங்குபவரால் நல்லதையும் தீயதையும் பிரித்தறிய முடியாத இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தாழ்ந்த விலையே கிடைக்கும். ஆகவே நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகிவிடுவார். 2001இல் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞரின் கருத்து நம் தெருமுனைக் கடைக்கும் பொருந்தும். நேர்மையாளரையும் ஏமாற்றுக்காரரையும் ஒரே ஐயத்தோடு நடத்தினால், நேர்மைக்கு ஊதியம் இல்லாமற் போகும். பிறகு ஒன்பதாவது உருண்டையை யார் இடுவார்?

அப்படியானால் கண்மூடி நம்புவதா? அன்று. கடைக்காரர் சொன்ன சொல்லே வழி காட்டுகிறது. ஐயம் வந்தால் அவர் முன்னிலையில் கேட்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்ல வேண்டும். நேர்மையாளர் அதற்கு முகம் சுளிப்பதில்லை. அவர் சொல்வது விளங்காவிட்டால் விளங்கச் செய்ய ஒருவரைத் தேட வேண்டும். அதன் பின்னும் குறை நிலைத்தால், அறிந்த அளவை மட்டும், அறிந்தவாறே பிறரிடம் சொல்லலாம். கேள்வி கேட்பது நம்பிக்கைக்குப் பகையன்று. கேளாமல் தீர்ப்புக் கூறுவதே பகை. வாழவந்த ஊரின் மொழியைக் கற்பதும் அவ்வூராரிடம் நியாயமாக நடந்துகொள்வதன் ஒரு பகுதி என்பதை நாம் உணர்ந்ததும் அப்போதுதான்.

அதன்பின் நாம் வண்டி பழுது பார்த்ததெல்லாம் அந்தக் கடையிலேதான். நாம் தவறாகச் சொன்னதைத் திருத்திச் சொல்லவும் முயன்றோம். சிலரிடம் சொல்ல முடிந்தது. சிலர் அதற்குள் மாற்றலாகி வேறு நகரங்களுக்குச் சென்றுவிட்டிருந்தனர். கடைசிவரை நம்மால் எட்ட முடியாத அச்செவிகளில் அந்த மனிதர் இன்றும் ஏமாற்றுக்காரராகவே இருக்கிறார். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் விரலை ஒருமுறை வைத்தே ஒரு கடையின் நற்பெயரை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கிறார்கள். அப்படி விரல் வைக்குமுன், “அவரிடம் கேட்டாயா?” என்று ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்கிறோம். தீராமல் நிற்கும் அக்கடனில் நம்மால் அடைக்க முடிந்த பகுதி அவ்வளவே.