சுவரில் மேயும் ஆடுகள்

வெள்ளைத் துணியில் ஒற்றைச் சிவப்பிலோ நீலத்திலோ அச்சிட்ட மரநிழல். அதன் கீழ் குழலூதும் இடையன், பூக்கூடையோடு ஒரு பெண், இரண்டு மூன்று ஆடுகள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் புகழ்பெற்ற இந்த 'துவால் தெ ழுயி' துணி இன்று திரைச்சீலையாகவும் சுவர்த்தாளாகவும் நகர வீடுகளுக்குள் மறுபடி வந்திருக்கிறது. கான்கிரீட்டுக்குள் வாழ்கிறவர்கள் பச்சை வெளிக்கு ஏங்குவதில் குற்றம் இல்லை. ஆனால் கிராமத்தை வீட்டுக்குள் அழைக்கும்போது, அங்கே பாடுபடுகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். ஆயர் வாழ்வைப் பாடிய செவ்வியல் மரபு அப்படிச் செய்யவில்லை. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 'எக்லோக்ஸ்' வரிசையில் முதல் கவிதையிலேயே ஒருவன் நிலத்தைப் பறிகொடுத்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குக் கொடுப்பதற்காக இத்தாலிய உழவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்ட காலம் அது. மரநிழலும் குழலோசையும் அந்தக் கவிதையில் உண்டு. இழப்பும் அவற்றின் பக்கத்திலேயே நிற்கிறது.

துவாலின் வரலாற்றிலும் உழைப்பு ஒளிந்திருக்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகள் உட்பட இந்திய அச்சுப் பருத்திகளின்மேல் பிரெஞ்சு மக்களுக்கு இருந்த மோகம், 1686இல் அரசு அவற்றைத் தடைசெய்யும் அளவுக்கு வளர்ந்தது. 1759இல் தடை நீங்கியது; மறு ஆண்டே வெர்சாய் அருகே ழுயியில் தொழிலதிபர் ஓபர்காம்ப் தன் துணி அச்சு ஆலையைத் தொடங்கினார். ஓவியர் ழான்-பத்தீஸ்த் ஹ்யூவே 1783இல் அவருக்கு வரைந்து கொடுத்த வடிவம் அந்த ஆலையைப் பற்றியதுதான்: துணி அலசுகிறவர்கள், புல்வெளியில் விரித்து உலர்த்துகிறவர்கள், அச்சு இயந்திரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் அந்தத் துணியிலேயே இருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் வெர்சாயில் அரசி மரி ஆந்துவானெத்துக்காக ஒரு செயற்கைக் கிராமம் எழத் தொடங்கியது. இன்றைய அலங்காரம் அரசியின் கிராமத்தையே பெரிதும் பின்பற்றுகிறது. ஹ்யூவேயின் ஆலையை மறந்துவிட்டது.

வீடு இளைப்பாறும் இடம், அங்கேயும் ஊர்த் துயரத்தை மாட்ட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'டிமரஸ் பீஸ்டீஸ்' நிறுவனத்தின் கிளாஸ்கோ துவால் எட்ட நின்று பார்த்தால் பழைய அழகேதான். கிட்டே போனால் அடுக்குமாடிக் கோபுரங்களும் வீடற்றவரும் தெரிகிறார்கள். எல்லாருக்கும் இது ஒத்துவராது. ஆனால் உண்மை என்றால் துயரம் மட்டும்தானா? வடிவமைப்பாளர் ஷீலா பிரிட்ஜஸின் ஹார்லெம் துவாலில் கறுப்பினத்தவர் கூடைப்பந்து ஆடுகிறார்கள், கயிறு தாண்டுகிறார்கள், தலை பின்னிக்கொள்கிறார்கள். அது கொண்டாட்டம், ஆனாலும் பொய்யில்லை. மனிதர்களே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மாளிகையில், நிலத்துக்குக் கீழ் இருந்த அறையின் நான்கு சுவர்களிலும் மாதுளையும் சீமைமாதுளையும் பறவைகளும்தான். ஆள் ஒருவரும் இல்லை. அந்தத் தோட்டம் யார் வாழ்வையும் திரித்துச் சொல்லவில்லை.

ஆகவே சுவருக்குத் துணியோ தாளோ தேர்ந்தெடுக்கும்போது கிட்டே போய் அதிலுள்ள முகங்களைப் பாருங்கள். மரத்தை மட்டும் வரைந்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். மனிதரை வரைந்திருந்தால், அவர்கள் கைகளுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.