தீயும் தவக்குலும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கரையோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களில் ஒரு வான் என்பது பல வேளைகளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பாகும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. அதன் உரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு வினாவை எதிர்கொள்கிறார்: சட்டம் கேட்கும் காப்புறுதியோடு நின்றுவிடுவதா, தீக்கான காப்பையும் சேர்த்துக்கொள்வதா? பணக்கணக்காகத் தோன்றும் இது, உண்மையில் ஓர் அறவினாவாகும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. தன் வண்டியால் பிறர்க்கு நேரும் இன்னலுக்கு ஒருவன் ஈடு செய்தே ஆகவேண்டும் என்பது அதன் கருத்து. தன் வண்டியே எரிந்துபோனால் அஃது அவன் பாடு எனச் சட்டம் விட்டுவிடுகிறது. அறமும் அவ்வாறு விட்டுவிடுமா என்பதே ஈண்டுச் சிந்தித்தற்குரியது.

இறைவன்மீது பொறுப்புச் சாட்டியவனுக்குக் காப்புறுதி எதற்கு என்பார் உளர். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவர்களுக்கு மறுமொழியாகக் கூறுவது வழக்கம். ஆயின் அவ்வெடுத்துக்காட்டு இங்கு முழுதும் பொருந்துவதன்று. காப்புறுதிப் பத்திரம் தீயைத் தடுப்பதில்லை. பழுதுபட்ட மின்கம்பியை மாற்றுவதும், எரிபொருட் கசிவை அடைப்பதுமே கயிற்றுக்கு ஒப்பானவை. காப்புறுதியோ, ஒட்டகம் தொலைந்த பின் எழும் வினாவுக்கு விடையாகும்: இழப்பைச் சுமப்பவர் யார்?

காப்புறுதி செய்யாதவன் தானே சுமப்பதாக எண்ணுகிறான். வண்டி எரிந்த மறுநாளே மனைவியின் நகை அடைவுக்குப் போகிறது. சகோதரன் கடன் தருகிறான். ஜும்ஆவின் பின் பள்ளிவாசலில் பணம் சேர்க்கப்படுகிறது. அவனுக்கும் ஒரு காப்பு உண்டு. அதற்கான கட்டுப்பணத்தை அவன் செலுத்தவில்லை என்பதே வேறுபாடு. வசதியிருந்தும் அதனைத் தவிர்த்தவனின் தவக்குல், பிறர் தோள்மீது நிற்பதாகும்.

உறவும் ஊருமே போதுமெனின், 2004 டிசம்பர் 26ஐ நினைவுகூர வேண்டும். ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கொடுக்க வேண்டியவனும் பெற வேண்டியவனும் ஒரே காலையில் யாவையும் இழந்தனர். துயரைப் பகிரும் வட்டம் ஊரெல்லையினும் விரிந்திருத்தல் வேண்டும் என்பதை அது காட்டியது.

வட்டியும் சூதும் நிச்சயமின்மையும் கலந்தது காப்புறுதி என்ற தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அவை வணிகக் காப்புறுதியை விலக்கி, கூட்டுறவு முறையை ஏற்றது. அவ்வழியில் அமைந்த தக்காபுல், 1999இல் அமானா தக்காபுல் நிறுவனத்தின் வாயிலாக இலங்கைக்கும் வந்தது. இங்குச் செலுத்தும் பணம் பொதுநிதிக்கு அளிக்கும் நன்கொடையாகக் கருதப்படுகிறது. தீயே நேராதவனின் பணம் வீணாவதில்லை. முகமறியாத ஒருவனின் இழப்பை அது தாங்குகிறது.

எஞ்சுவது கசப்பான வினா. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. கலகக்காரர் மூட்டும் தீ, வழமையான தீக்காப்பில் அடங்காது. அதற்குத் தனியே பணம் செலுத்த வேண்டும். பிறர் பகைமைக்குத் தான் விலை கொடுப்பதா எனக் குமுறுவது இயல்பே. அப்பணம் வண்டியை மீட்கலாம், குற்றத்தைத் தீர்க்காது. ஆகவே இழப்பீடு பெற்றவனும் நீதி கேட்டலைக் கைவிடலாகாது.

பிள்ளைகளின் உணவைக் குறைத்துக் கட்டுப்பணம் செலுத்துமாறு எவரையும் வற்புறுத்த இயலாது. இயன்றவனோ, பத்திரத்தில் ஒப்பமிடுமுன் தன் வண்டி எரியுமா என்று மட்டும் கேட்டல் போதாது. எரிந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்றும் கேட்டல் வேண்டும்.